எட்டாம் லெவலை ஜெயிக்க வந்தவர்கள்

ரிப்பேர் கடையில் பொருளைச் சரி செய்வது சுலபம். "ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்று எதிரே நிற்கிற ஆளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கடை வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோத்தகிரியில் நான் கண்டுபிடித்த வழி ஒரு செஸ் மெஷின். பழைய பலகை, நாம் காய் நகர்த்தினால், அது தன் காயை எங்கே வைக்கணும் என்று விளக்குப் போட்டுக் காட்டும்; அதில் இருப்பதிலேயே கஷ்டமானது எட்டாம் லெவல். "எட்டாம் லெவலில் ஜெயித்தால் மெஷின் உங்களுக்கே" என்று எழுதி ஒட்டினேன். நானே ஒருநாளும் ஜெயித்ததில்லை என்கிற தைரியம்தான். ஆனாலும் அது என் செல்லம். யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று உள்ளுக்குள் உதறல் இருந்துகொண்டேதான் இருந்தது.

மடியில் இருந்தது

டீ ஃபேக்டரி கிளார்க் ஒருவர் டிவி ரிமோட்டோடு வந்தார். பிரமாதமான ஆட்டம். மெஷின் திணறுகிறது, அந்தக் குளிரிலும் எனக்கு வேர்க்கிறது. ஆனால் மனுஷர் ஒவ்வொரு தடவையும் மடியைப் பார்த்துவிட்டுத்தான் காயைத் தொடுகிறார். எட்டிப் பார்த்தால் மடியில் போன், அதில் இன்னொரு செஸ்! அது சொல்வதை இதில், இது சொல்வதை அதில். "ஏனுங்க, இது நியாயமா?" என்றேன். துளியும் அசரவில்லை.

"ரெண்டும் நல்லாத்தானுங்க ஆடுது. நான் நடுவுல தபால்காரனுங்க."

ஜீப் டிரைவரின் திட்டம்

மெஷினை முன்னேறி வரவிட்டு, வந்ததும் மடக்குவது என்பது ஜீப் ஓட்டும் சிவராஜ் அண்ணன் திட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதன் சிப்பாய்கள் வர வர, இவர் குதிரை, யானை எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டே போனார். கடைசியில் எல்லாம் பின்வரிசையில் நெருக்கிக்கொண்டு நிற்க, ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. செக்மேட்.

"மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்கு வழி உட்டே பழகிட்டனுங்க, இங்கயும் உட்டுட்டேன்."

மூன்று ஞாயிறு

முத்துலட்சுமி அக்கா கீழ் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர், யூனியனிலும் இருக்கிறார். அவருடைய மிக்ஸி மோட்டாருக்குக் கம்பிச்சுருள் வரவில்லை என்று நான் சாக்குச் சொன்னதில், மூன்று ஞாயிறு வந்து உட்கார்ந்தார். இரண்டு ஞாயிறு தோற்றார். தோற்றாலும் மெஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு எடுத்ததும் ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்தார். பிறகு மற்ற சிப்பாய்களை எதிர்ச் சிப்பாய்களோடு முட்டவிட்டு, சந்தே இல்லாமல் அடைத்தார். அப்புறம் யானையை ஒரு கட்டம் நகர்த்துவார், மறுபடி பழைய இடத்தில் வைப்பார். வேறு ஒன்றுமே செய்யவில்லை. ஆடினதையே ஆடிக்கொண்டிருந்தால் ஆட்டம் டிரா; ஒரு சிப்பாய் முந்தியிருக்கிற நினைப்பில் மெஷினுக்கு அது பிடிக்கவில்லை. என்னமோ செய்தாகணும் என்று, தன் ராஜாவுக்குக் காவல் நின்ற சிப்பாயையே முன்னே தள்ளியது. அந்தச் சந்தில் அக்காவின் ராணி நுழைந்தாள்.

என் செல்லம் கையை விட்டுப் போயிற்று. ஆனால் ஆட்டம் அப்படி, கை தானாகத் தட்டியது. மெஷினைத் துடைத்துக் கையில் கொடுத்து, "எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"எஸ்டேட்ல பாத்ததுதான் தம்பி. நாம வேலைக்கு வந்து சும்மா நின்னா, மேனேஜருக்குத்தான் பொறுக்காது. அவரே எறங்கி வந்து ஏதாச்சும் தப்புப் பண்ணுவாரு."

எட்டாம் லெவலை ஜெயிக்கிற வழி எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனால் இப்போதெல்லாம் மிக்ஸி வந்தால் அன்றைக்கே சரி செய்து கொடுத்துவிடுகிறேன்.