என் வலது கைக்காக எஸ்தர் செய்த ஜெபம்

அன்பானவர்களே, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன அந்த ஆடி மழையில், “இந்தக் கையை வெட்டிப் போட்டுவிடுங்கள்” என்று கதறினவன் நான். அசையாத கைக்கு வலி மட்டும் எங்கிருந்து வந்ததோ! தோளில் தொடங்கி விரல் நுனிவரை எரியும். மூடிய விரல்கள் திறக்காது.

நான் லேசுப்பட்ட ஆளல்ல. இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கவ்வாத்துக் கத்தி பிடித்து, முப்பது பேருக்குக் கங்காணியானவன். வட்டவளைப் பக்கம் என்னைப் போலக் கவ்வாத்துப் பண்ண, தேயிலைச் செடியை மட்டமாகச் சீவ, ஆள் கிடையாது. கவ்வாத்துக் காலத்தில் ஆட்களுக்குக் கை பிடித்துக்கொண்டால், மணிக்கட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பேன். மறுநாள் வேலைக்கு நிற்பார்கள். அந்த வைத்தியத்தையே என் கைக்கும் செய்யச் சொன்னேன். தினமும் காலையில் என் ஆட்கள் இருவர் வந்து இழுத்தார்கள்.

“நல்லா இழுங்கடா! நேத்து சோறு திங்கலையா?” என்று நானே அதட்டினேன்.

வலி கூடிக்கொண்டே போனது. “டாக்டர் ஐயாகிட்ட காட்டுவோங்க” என்று என் மனைவி எஸ்தர் கெஞ்சினாள்.

“அவரு கத்தி புடிச்சிருக்காரா? கையப் பத்தி அவருக்கு என்னா தெரியும்?” என்று விரட்டினேன்.

மூன்று மாதம் இப்படியே போனது. திரும்பக் கத்தி பிடிக்க வேண்டும் என்று ஜெபித்தேன். பிறகு, “என் உயிரை எடுத்துக்கொள்ளும், ஆண்டவரே” என்று ஜெபித்தேன். பதில் இல்லை.

ஒரு ஞாயிறு மாலை தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் லயத்துக் காம்பராவில், ஜெபக்கூட்டம். எஸ்தர் எல்லோர் முன்னாலும் சத்தமாக ஜெபித்தாள்: “ஆண்டவரே, இந்த மனுசனுக்குக் கைய அப்புறம் குடுங்க. மொதல்ல அடுத்தவங்க சொல்றதக் கேக்குற காதக் குடுங்க.”

யாரோ சிரித்தார்கள். திட்ட வாயெடுத்தேன். அவள் முகமெல்லாம் கண்ணீர். நானும் அழுதேன்.

மறுநாளே போனோம். தோட்டத்து டாக்டர் ஐயா தோளைத் தொட்டுப் பார்த்தார்.

“இத இழுத்தது யாரு, கங்காணி?”

“நான்தாங்க இழுக்கச் சொன்னேன்.”

“பலமில்லாத கை தொங்கித் தொங்கி மூட்டு எறங்கியிருக்கு. இழுத்தா புண்ணாகாம என்ன செய்யும்?”

படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை, நடக்கும்போது கழுத்திலிருந்து துணியில் தாங்கல், நோகாத அளவுக்கு மெல்ல அசைப்பது. அவர் சொன்னது இவ்வளவுதான்.

மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, எஸ்தர் என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிடுவாள்.

“நோகுதாங்க?”

“இல்ல புள்ள.”

“மூஞ்சியப் பாத்தா தெரியுது, பெரிய கங்காணி!”

மாசி மாதத்தில் எரிச்சல் அடங்கியது. கத்தி பிடிக்கும் பலம் மட்டும் வரவில்லை.

அடுத்த மழையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் ஐயாவிடம் காட்டியும் எட்டாம் நாள் போய்விட்டாள். எனக்காக ஜெபித்தவளுக்காக நானும் அத்தனை நாளும் முழங்காலில் கிடந்தேன். கேட்டது கிடைக்கவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

குழியருகே மண் போடச் சொன்னார்கள். வலது கையில் வைக்கச் சொல்லி வாங்கினேன். விரல்கள் மெல்லத் திறந்தன. மண் அவள் மேல் விழுந்தது. கை வலிக்கவில்லை.

இப்போது என் ஆட்களுக்குக் கை நோவென்றால் நான் தொடுவதில்லை. டாக்டர் ஐயாவிடம் அனுப்புகிறேன். நீங்களும் வாதம் வந்த கையை இழுக்காதீர்கள். ஆண்டவரை நம்புங்கள். அவர் எனக்கு உதவி அனுப்பினார். அது என் அடுப்படியிலேயே நின்றது. அவருக்குத் தினமும் நன்றி சொல்கிறேன். எஸ்தருக்குத்தான் ஒரு நாளும் சொல்லவில்லை.