கட்டுச்சோற்றில் வந்த கிருமி

என் மகளுக்கு ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுபோனோம். வாழப்பாடியில் விடியுமுன்னே எழுந்து நானே கிளறிய ஐந்து வகைச் சோறு. திருச்செங்கோட்டில், அவள் புகுந்த வீட்டில் பத்து மணிக்குச் சடங்கு. மாப்பிள்ளையின் பெரியப்பா வரவில்லை என்று இரண்டு மணி வரை பாத்திரங்களைத் தகரக் கொட்டகையிலேயே வைத்துவிட்டார்கள். நல்ல நேரம் போனால் போகட்டும், அந்த மனுஷன் வந்தால் போதும் அவர்களுக்கு.

தேங்காய்ச் சோற்றை அள்ளும்போதே புளித்த வாடை வந்தது. அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று கூசி நின்றேன். அப்படியே இலையில் போட்டேன். பிள்ளைத்தாய்ச்சிதான் முதலில் வாய் வைக்கவேண்டும். வைத்தாள்.

"நல்லா சாப்புடு சாமி" என்று சம்மந்தியம்மா இன்னொரு கரண்டி வைத்தார்.

மறுநாளே காய்ச்சல், இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உதடு வெடித்துக் கிடந்தாள். குழந்தையின் அசைவு குறைந்திருந்தது. என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டதும் சம்மந்தியம்மா முந்திக்கொண்டார்.

"சாப்பாடெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காலேஜ் லேப்புல அந்த மருந்து நாத்தத்துலயே நிக்கறாளுங்க. சொன்னாக் கேட்டாத்தானே! இதோட அந்த வேலைக்கு ஒரு முழுக்குங்க."

எந்த மருந்து, எத்தனை நாளாக என்று டாக்டரம்மா எழுதத் தொடங்கிவிட்டார். உடம்பைக் கெடுக்கும் கரைப்பான்களை விட்டுவிட்டு, தண்ணீரிலும் செடிகொடியிலிருந்து எடுக்கும் கரைப்பானிலும் வேதிப்பொருள்களைச் செய்துபார்ப்பதுதான் என் மகளின் வேலையே. பத்தாவது படித்த எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். பிள்ளை உண்டானதிலிருந்து தண்ணீரில் செய்யும் வேலை மட்டும்தான் பார்த்தாள். மாமியாரிடமும் சொல்லியிருந்தாள். காதில் வாங்கினால்தானே!

"சோறுதாங்க டாக்டர்." நான் குறுக்கே புகுந்தேன். "இன்னும் நாலஞ்சு பேருக்கும் வயித்தால போச்சு. தேங்காய்ச் சோறு கெட்டிருந்தது. தெரிஞ்சேதான் போட்டேன்."

"ஏனுங்க சம்மந்தி, பெத்த புள்ளைக்கே கெட்டதைப் போட்டீங்களா?"

"ஆமா. உங்க வீட்டுப் பெரியவருக்காக நாலு மணி நேரம் காத்திருந்து போட்டேன்."

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு மலமும் இரத்தமும் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமிக்கான ஊசி அன்றே தொடங்கியது; கெட்ட சாப்பாட்டில் வரும் கிருமிதான் என்று முடிவும் வந்தது. குழந்தை உதைக்கிறது என்று மகள் சொல்ல மேலும் இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் என்னை நானே திட்டித் தீர்த்தேன்.

பேரன் பிறந்து, மகள் மறுபடி லேப்புக்குப் போகிறாள். சம்மந்தியம்மா என்னோடு பேசுவதில்லை. நான் கெட்ட சோறு போட்ட கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். லேப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை.