ஓசிக் காற்று

"ஆரஞ்சு உரிச்சிருக்கீங்க. கழுவிட்டு வாங்க."

சோதனைக் கூடத்தின் வாசலில் நின்று, தொட்டிக்காரர் உள்ளே போகிறவர்களின் கைகளை முகர்ந்து பார்க்கிறார். விரல் நுனி, உள்ளங்கை, நகக்கண் எல்லாம். நிலையத்தின் இயக்குநருக்கும் இதே உபசாரம்தான். தலையில் எண்ணெய் மினுமினுத்தால் துணித்தொப்பி கொடுப்பார். முகத்தில் பவுடர் தெரிந்தால் அன்றைக்குக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அங்கே தரை துடைக்கிற என் கையையும் தினம் இரண்டு தடவை முகர்ந்துவிட்டு, "தங்கச்சி கை பாஸ்" என்பார்.

தொட்டிக்காரர் என்பது எல்லோரும் அவருக்கு வைத்த பெயர். லாரி நீளத்துக்கு ஓர் எஃகுத் தொட்டி இருக்கிறது. அதிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, உள்ளே விண்வெளி மாதிரி வெறுமையாக்குவது அவர் வேலை. விரலில் ஒட்டிய துளி எண்ணெய்கூட அதைக் கெடுத்துவிடும். அந்த வெறுமையில் வைத்துத்தான் விண்கலத்துக்கான புது எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறார்கள். எஞ்சின் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அது எதையும் எரிப்பதில்லை. செனான் என்கிற வாயுவை மின்சாரத்தால் பிய்த்து, ஒளிரும் பிளாஸ்மாவாக்கிப் பின்பக்கம் வீசுகிறது. தொட்டியிலுள்ள கண்ணாடி வழியே பார்த்தால் நீலமாக ஒரு வெளிச்சம் நிற்கும்.

பார்வையாளர்கள் வந்தால், அவர்கள் உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைப்பார். "கனக்குதா? இந்த எஞ்சின் தள்ளுற பலம் இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா!" என்று முகம் சுளிப்பார்கள்.

"மேல தடுக்க யாரு இருக்கா? வருஷக்கணக்கா விடாம தள்ளினா எங்க போய் நிக்கும்னு நினைக்கறீங்க?"

குடும்ப தினத்தன்று வந்த அவர் மனைவி இதைக் கேட்டுவிட்டு என் காதில் சொன்னார்: "பதினோரு வருஷமா ஒரு காகிதத்தைத் தள்ளிக்கிட்டிருக்காரு. வீட்டுல சிலிண்டரைத் தள்ளி வைங்கன்னா இடுப்பு வலிக்குதாம்." தொட்டிக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும். குனிந்துகொண்டு சிரித்தார்.

இந்த எஞ்சினின் எதிர்காலம் அது எத்தனை நாள் தாங்கும் என்பதில் இருக்கிறது. ஓட ஓட அதன் உட்சுவர் தேய்கிறது. அதனால் மேலிடத்து ஆய்வுக்குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது: தாங்கள் வரும் வெள்ளிக்கிழமை காலைக்குள் ஐந்நூறு மணி நேரம் நிற்காமல் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லையென்றால் கூடத்தை மூடிவிட்டு, எஞ்சினை அலமாரியில் வைத்துவிடுவார்கள். தொட்டிக்காரர் எதிர்க்கட்டிடத்தில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கப் போக வேண்டும்.

ஓட்டம் தொடங்க வேண்டிய காலையில் தொட்டியின் காற்றழுத்தத்தைக் காட்டும் முள் இறங்காமல் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே எங்கோ கொஞ்சம் காற்று. அவர் மெல்லிய குழாயால் ஒவ்வொரு மூட்டிலும் ஹீலியம் வாயுவைப் பீய்ச்சினார், குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுகிற பதமாக. கசிவு இருந்தால் கருவி கூவும். அது வாயே திறக்கவில்லை.

மேசைக்கு அடியில் கூட்டும்போது என் முறத்தில் ஒரு திருகாணி வந்தது. நடுவில் ஊசித் துளை போட்டது. அந்த மாதிரித் திருகாணிகளை அவர் தனிக் கிண்ணத்தில் எண்ணி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். துளை வழியே விளக்கைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கசிவு வெளிய இல்ல தங்கச்சி. நானே உள்ள வெச்சு முடுக்கியிருக்கேன்."

தொட்டிக்குள் மாட்டுகிற திருகாணிக்குத் துளை இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் குழியின் அடியில் துளிக் காற்று சிக்கிக்கொண்டு, நாள்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வரும். ஒன்று உருண்டோடியபோது, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று துளையில்லாத ஒன்றைப் போட்டிருக்கிறார். மறந்துவிட்டார். இப்போது திறந்து மாற்றி, மறுபடி காற்றை எடுக்க முழுதாக இரண்டு நாள் ஆகும்.

ஓட்டத்துக்குப் பொறுப்பான பொறியாளர் சின்னப் பெண். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, அப்படியே ஓட்டிடலாமா? இந்தக் காத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு எஞ்சின் இன்னும் நல்லாத்தானே தள்ளும்?" என்றார்.

"அதுதான் மேடம் வேணாங்கறேன். ஓசிச் சாப்பாட்டுல கொழுத்த மாப்பிள்ளையைக் காட்டிப் பொண்ணு கேக்கற கதை அது. மேல போனா ஓசிக்கு யாரு போடுவா?"

பொறியாளர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் தொட்டியைத் திறக்கச் சொன்னார்.

குழு வந்த அன்று மணிக்கணக்குக் காட்டும் பெட்டியில் நானூற்று ஐம்பத்திரண்டு இருந்தது. கோட்டு போட்ட தலைவரின் கையை முகர்ந்து, கழுவ வைத்து, உள்ளே விட்டார் தொட்டிக்காரர்.

"ஒரு சின்னத் தொழில்நுட்பத் தாமதம் சார்..." என்று பொறியாளர் ஆரம்பித்தார்.

"தாமதமெல்லாம் இல்ல சார். என் மறதி. ஓட்டை போட்ட ஸ்க்ரூ போட வேண்டிய இடத்துல ஓட்டை இல்லாததைப் போட்டுட்டேன். ரெண்டு நாள் போச்சு."

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஐந்நூறு கேட்டோம். நாப்பத்தெட்டு குறையுது. அந்த நாப்பத்தெட்டு மணி நேரமும் ஓடும்னு நான் எதை வெச்சு நம்பறது?"

பொறியாளர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். தொட்டிக்காரர் மூலைக்குப் போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து, நீல வெளிச்சம் தெரியும் கண்ணாடிக்கு எதிரே போட்டார். சட்டைக் கையால் ஒரு தடவை தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

தலைவர் ஸ்டூலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உடன் வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

தொட்டிக்காரர் இன்னொரு ஸ்டூல் எடுக்கப் போனார்.