வெல்வெட்டில் ஒட்டாதவை

தொண்ணூறுகளின் நடுவில் நான்கு மாதம் நான் வெல்வெட் துணியோடு மாரடித்தேன். கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு பாய் கடையில் வாங்கியது. "கல்யாணத்துக்குங்களா அம்மணி?" என்று கேட்டார். கிருமிக்கு என்றால் நம்பவா போகிறார்? ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

துணியைக் கிருமி புள்ளி புள்ளியாக வளர்ந்த தட்டில் ஒற்றி, மருந்து கலந்த தட்டில் அச்சு வைக்க வேண்டும். அங்கே எந்தப் புள்ளி முளைக்கவில்லையோ, அந்தக் கிருமி மருந்தை எதிர்க்கும் திறனை இழந்துவிட்டது. எனக்கு அப்படி ஒன்றே ஒன்று போதும்.

கிருமி பல்லடத்துக் கோழிப்பண்ணையில் எடுத்தது. தீவனத்தில் தினமும் மருந்து கலந்தும் குஞ்சுகள் கழிந்து கழிந்து செத்தன. "கலக்கறத நிறுத்துங்க. மருந்து இல்லைன்னா அந்தத் திறன் அதுக்கு வீண் சுமை, தானே உட்டுரும். அப்புறம் அதே மருந்து கேக்கும்" என்று பண்ணைக்காரரிடம் அளந்துவிட்டு வந்தவள் நான்தான். அவர் அன்றே நிறுத்திவிட்டார்.

கிருமி விடவில்லை. எத்தனை முறை ஒற்றினாலும் எல்லாப் புள்ளியும் முளைத்தது. என் கை சுத்தமில்லை என்றார் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர். நானும் நம்பினேன். சலித்துப்போனவள் எதையும் நம்புவாள்.

பிறகு தபாலில் ஒரு ஜெராக்ஸ் கட்டுரை வந்தது. எதிர்ப்பு ஜீன்களைச் சுமக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம், ஒரு விஷத்தையும் அதற்கு மாற்று மருந்தையும் சேர்த்தே தயாரிக்கிறதாம். விஷம் நீடிக்கும், மாற்று சீக்கிரம் அழியும். வளையத்தைத் தொலைத்த கிருமிக்கு மாற்று வருவது நின்றுவிடும், மிச்ச விஷமே அதைக் கொன்றுவிடும். என் கிருமியின் வளையமும் அந்த வகைதான். நான் தேடியது ஒவ்வொரு முறையும் தோன்றிய கையோடு செத்திருக்கிறது. செத்தது வெல்வெட்டில் ஒட்டாது. இது தெரியாமல் நான்கு மாதம், மடச்சி.

மறுநாள் பல்லடம் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தும் அசதி போகவில்லை. நான் வாய் திறப்பதற்குள் பண்ணைக்காரரே சிரித்தபடி எதிரே வந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க அம்மணி. புதுக் குஞ்சுக ரெண்டு நாளாச் சோந்து நிக்குதுங்க. நீங்க சொன்ன மாதிரியே நாலு மாசம் நிறுத்தியிருந்து, காலையிலதான் அந்த மருந்தைக் குடுத்துப்போட்டேன். இனிக் கேக்குமுங்கல்ல?"

"கேக்காதுங்க" என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

திட்டியிருந்தால் தேவலை. "சரிங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, செத்த குஞ்சுகளை அள்ளும் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.