மெரேயோனி கேட்ட அனுமதி

மெரேயோனிக்கு எங்கள் மிஷன் நோயாளர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலை. இருபத்திரண்டு வருடம் துவைத்தாள். சீழும் இரத்தமும் படிந்த துணியை முகம் சுளிக்காமல் அலசுவாள். கூடவே யாரையாவது வம்புக்கு இழுப்பாள். அவளைப் புனிதை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். படகோட்டியான என்னை அவள் திட்டாத நாள் கிடையாது.

ஒரு தவக்காலத்தில் ராத்து மெலியை நான்தான் படகில் ஏற்றி வந்தேன். தலைவர் வம்சம்; ‘ராத்து’ என்பதே அந்தப் பட்டம்தான். சொந்தங்களோடு சண்டை போட்டுக்கொண்டு கடற்கரைக் குடிசையில் தனியாகக் கிடந்தவர். உச்சந்தலையில் புண். வந்த அன்றே சிஸ்டர் கிளாரா அவசரத்தில் ஒரு தப்புப் பண்ணிவிட்டார். ஒரு வார்த்தை கேட்காமல் அவர் தலையில் கை வைத்துவிட்டார். ஃபிஜியில் தலை புனிதம்; பச்சைக் குழந்தையின் தலையையே யோசித்துத்தான் தொடுவோம், இவரோ தலைவர். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் மூன்று நாள் யாரையும் அண்டவிடவில்லை. புண்ணில் புழு வைத்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் பிழைக்கமாட்டார் என்று சிஸ்டர் அழுதார்.

ஆனாலும் தொடுவதற்கு எங்களில் எவனும் முன்வரவில்லை. நானும்தான். தலைவரின் தலையைத் தொட்ட கை வீங்கி அழுகும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஞானஸ்நானம் வாங்கியதால் அந்தப் பயம் போய்விடவில்லை.

மெரேயோனியின் ஊரும் அவர் ஊரும் ஒன்றையொன்று கேலி பண்ணிக்கொள்ளும் முறை. எவ்வளவு பெரிய ஆளானாலும் முறைக்காரர் சொல்வதற்குக் கோபப்படக் கூடாது. அவள் வெந்நீர்ப் பாத்திரத்தோடு போய் அவர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்க ஊர்க்காரங்க தலைக்குள்ள ஒண்ணுமே கிடையாதுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. இப்பப் புழுவாவது குடியிருக்கு.”

சுவரைப் பார்த்தபடியே ராத்து மெலி வாய் திறந்தார். “உங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு மீனையே ஒழுங்காக் கழுவத் தெரியாது. என் தலையைக் கழுவ வந்துட்டா.”

மூன்று நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அது. ஆனால் கேலி வேறு, தலை வேறு. அவளுக்கும் அது தெரியும். எங்கள் வழக்கப்படி முழந்தாளிட்டு, உள்ளங்கைகளைக் குழித்து மூன்று முறை தட்டி அனுமதி கேட்டாள். வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தொட்டா வீங்கிடும். துவைச்சுப் பொழைக்கிற கை உனக்கு,” என்றார் அவர்.

“பயமாத்தான் இருக்கு. ஆனா இயேசு தலையில முள்ளை வெச்சப்ப எவனும் ஒரு வார்த்தை கேக்கல. அதான் நான் கேக்குறேன்.”

“யார்கிட்ட கேக்குற? என்கிட்டயா, அவர்கிட்டயா?”

“எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரியுது, ராத்து.”

அவர் மெல்லப் புரண்டு, அவள் மடியில் தலையைச் சாய்த்தார். அவள் ஒவ்வொரு புழுவாக எடுத்தாள். ஒரு கேலி கிடையாது, ஒரு பேச்சு கிடையாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நான் வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் மறுபடி வெந்நீரோடு வந்து, கை தட்டப் போனாள்.

“அது இருக்கட்டும்,” என்றார் ராத்து மெலி. “முதல்ல கையைக் காட்டு.”

நீட்டினாள். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் எதுவும் இல்லை. அந்தக் கைகளைப் பிடித்துத் தன் தலைமேல் தானே வைத்துக்கொண்டார்.