வீட்டுக்குள் வராத காகிதம்

அச்சில் வந்த என் முதல் எழுத்தைப் படித்தவர்கள் எல்லோரும் படித்த கையோடு அதைக் கிழித்துப் போட்டார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனர். சீட்டுகளைத் துடைக்கும்போது, யாராவது விட்டுப்போன வாரப் பத்திரிகைகள் அகப்படும். எனக்குக் கொண்டுவருவார். சிலவற்றில் அட்டை இருக்காது, சிலவற்றில் தொடர்கதையின் நடுப்பக்கமே இருக்காது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே, "படி மாப்ள, அந்தப் பொண்ணு இன்னா ஆனா?" என்பார். பக்கம் கிழிந்து கதை நின்றுபோனால், "வேற பஸ்ல கெடக்கும், பாத்துக்கினு வர்றேன்" என்று நிஜமாகவே சொல்வார்.

மஞ்சள் காமாலை வந்து, கல்யாணம் ஆகும் முன்பே போய்விட்டார்.

கருமாதிப் பத்திரிகை அடிக்க வேண்டி வந்தபோது அப்பா ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். பெயர், இறந்த நாள், காரியம் நடக்கும் இடம் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் நானாக இரண்டு வரி சேர்த்தேன்: எங்கள் மாமா பஸ்ஸில் கிடைக்கும் புத்தகங்களை எனக்கு எடுத்து வருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

திண்டிவனத்தில் அச்சகக்காரர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாய்யா இது? கருமாதி பத்திரிகையா, கதை பொஸ்தகமா? இதெல்லாம் போட மாட்டாங்கய்யா."

தாளில் நான் சேர்த்தது என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. "பையன் எழுதினத அப்பிடியே போடுங்க சார்," என்றார். "படிக்கிற புள்ள. தப்பா எழுத மாட்டான்."

கருப்புக் கரை போட்டு அச்சாகி வந்தது. அப்பாவோடு கண்டாச்சிபுரம் பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனேன். கருமாதிப் பத்திரிகையை எங்கள் பக்கம் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே வாங்கி, படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்ல, அங்கேயே கிழித்துவிடுவார்கள். உள்ளே வைத்தால் அடுத்த சாவை அழைத்து வரும் என்று பயம். எனக்கும் இது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் என் இரண்டு வரிகள் சாக்கடையில் விழுந்தபோது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மாமாவையே கிழிப்பது போல் இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில், என் எழுத்தைக் கிழிக்கிறார்களே என்றுதான் இருந்தது. ஒன்றைச் சட்டைக்குள் செருகி எடுத்துவந்து, மாமா கொடுத்த புத்தகக் கட்டின் நடுவில் வைத்தேன்.

காரியம் முடிந்து வீடு பெருக்கும்போது அம்மா அதைக் கண்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கருப்புக் கரை தெரியும்.

"பாவி! இத்தப் போயி வூட்டுக்குள்ள வச்சிக்கினு தூங்கனியாடா?"

என்னையும் அதையும் தெருவுக்கு இழுத்துப் போனாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவளோ பத்திரிகையை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னா எழுதிக்கிற? படி."

படித்தேன். கடைசி இரண்டு வரிகள் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்த மறுபடியும் படி."

படித்தேன்.

"இன்னொருவாட்டி."

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு என் கையிலிருந்து அதை வாங்கி, ஓர் எழுத்துகூடத் தேறாதபடி பொடிப்பொடியாகக் கிழித்தாள். என் தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகே உள்ளே விட்டாள்.

அவளோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டவள் ஏன் கிழிக்க வேண்டும்? அதுதான் என் கோபம்.

போன மாதம் ஒரு பத்திரிகையில் என் கட்டுரை வந்தது. மாமாவின் பஸ்ஸைப் பற்றியது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் கையில் வாங்கி, பக்கத்தின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தாள். கருப்புக் கரை இல்லை.

"இத்த வூட்டுக்குள்ள வச்சிக்கலாமில்ல?" என்றாள்.

வைத்துக்கொள்ளலாம் என்றேன். அன்று தெருவில் அவளுக்கும் அதை வைத்துக்கொள்ளத்தான் ஆசை இருந்தது என்பதும், வீட்டுக்குள் நான் இருந்ததால்தான் கிழித்தாள் என்பதும், தலை ஈரத்தோடு முறைத்துக்கொண்டு நின்ற அந்தப் பையனுக்குத் தெரியாது.