சோலைவரி இல்லாத பாலம்

மஸ்கெலியாவிலிருந்து வரும் தார் ரோடு பிரதேச சபையின் பெயர்ப்பலகையோடு முடிகிறது. அதற்கப்பால் தேயிலைத் தோட்டத்து ரோடு, ஓடைமேல் ஒரு சிறு பாலம், பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம். மழையில் பாலத்தின் ஒரு பக்கம் சரிந்தபின் ஆட்டோ உள்ளே வருவதில்லை. என் தங்கைக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க ஹட்டனுக்குப் போய்வந்தால் நடக்கமாட்டாள். பலகையிலிருந்து நானும் அவள் கணவரான மாப்பிள்ளையும் நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவோம்.

பாலத்தைக் கட்டித்தரக் கேட்டுப் போனபோது சபை அதிகாரி கனிவாகத்தான் பேசினார்.

"இப்ப சட்டப்படி தோட்டத்துக்கும் செலவழிக்கலாங்க. ஆனா தோட்டக் கம்பெனி ரோட்ட எங்களுக்கு எழுதிக் குடுக்கணும். குடுத்தாலும் காசு எங்க? எங்களுக்கு வர்றது டவுன் கட்டடங்களுக்குப் போடுற சோலைவரி மட்டுந்தான். தேயிலை வரி நேரா கொழும்புக்குப் போயிருது. மாகாண சபையும் அவங்க ரோடு இல்லம்பாங்க. பலகை வரைக்குந்தான் நம்மளது."

"அப்ப பலகைய நகட்டிருவோம்" என்றார் மாப்பிள்ளை.

ஞாயிறு காலை அதைப் பிடுங்கிப் பாலத்துக்கு அப்பால் நட்டோம். கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டு, நேராக நிற்கிறதா என்று பார்த்தேன்.

"கோணலா நின்னாலும் சபைக்காரங்க வந்து பாக்கவா போறாங்க, அண்ணே?" என்று வாசலிலிருந்து தங்கை சிரித்தாள்.

சபைக்காரர்கள் பார்க்கவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை பார்த்தார். வருடந்தோறும் மழைக்கு முன் தோட்டத்திலிருந்து கல்லும் மரமும் வரும்; பாலத்துக்கு முட்டுக் கொடுப்பார்கள். இம்முறை வரவில்லை. ஆபீசுக்குப் போய்த் துரையிடம் கேட்டேன்.

"பலகை பாலத்தத் தாண்டி நிக்குது. சபை ரோட்டுல கம்பெனி செலவு பண்ண முடியாது."

"நாங்கதாங்க நட்டோம்."

"அப்படியா? எழுதிக் குடுங்க, பொலிசுக்கு அனுப்புறேன்."

அன்றே பலகையைப் பழைய இடத்தில் நட்டோம். பாலம் சபையுடையது என்று கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அறிவித்தாயிற்று, பதில் வரட்டும் என்றார் துரை. சபையில் கேட்டால், பலகை எங்களுடையது, பாலம் எங்களுடையதில்லை என்றார்கள்.

போன வாரம் மறுபக்கமும் விழுந்தது. இப்போது ஓடையில் இறங்கித்தான் நாற்காலியைத் தூக்குகிறோம். நேற்று நடு ஓடையில் தங்கை கேட்டாள்:

"போன் கார்டுக்கும் வரி புடிக்கிறாங்களே அண்ணே, அது எந்த ரோட்டுக்குப் போவுது?"

கல் வழுக்கியது. நாற்காலி என் பக்கம் சாய்ந்தது.

"கால மேல தூக்கிக்க. தண்ணி ஏறுது" என்றார் மாப்பிள்ளை.